ஜவ்வாது மலைக்கு வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு 550 ரூபாய் கணக்கு

சொந்த வண்டிக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்னு வீடியோவில் பேசும்போது பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் மூணையும் விரிவா பார்த்தோம். பிரேக்குக்கு அரை நிமிஷம்தான் கிடைச்சது. அந்த அரை நிமிஷத்தை இங்கே விரிச்சு எழுதுறேன். வண்டிச் செலவுகளிலேயே, தள்ளிப்போட்டா பல மடங்கா திரும்பி வர்ற செலவு இதுதான். சீட் கவர் கிழிஞ்சா ஆறு மாசம் கழிச்சு மாத்தலாம், விலை ஏறப்போறதில்லை. பிரேக் அப்படி இல்லை.

உதாரணத்துக்கு ஜவ்வாது மலையை எடுத்துக்கிறேன். சென்னை, ஒரகடம், ராணிப்பேட்டை, ஓசூர்னு எங்கே வேலை பார்த்தாலும் சனிக்கிழமை காலையில் கிளம்பினா மதியத்துக்குள்ள போய்ச் சேரலாம். ஊட்டி மாதிரி ரூம் வாடகை கிடையாது. பீமன் அருவி, ஜமுனாமரத்தூர் பக்கத்தில் கோமுட்டேரி, 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற காவலூர் வானாய்வகம், வழியெல்லாம் சாமைக் கொல்லைகள். பட்ஜெட் ட்ரிப்புக்கு இதைவிட என்ன வேணும்? போளூர் வழி, ஆலங்காயம் வழி, அமிர்தி வழின்னு எந்தப் பக்கம் ஏறினாலும் வளைவும் சாய்வும் இருக்கு. ஏறும்போது இன்ஜின் கஷ்டப்படும், அது காதுக்குக் கேக்கும். இறங்கும்போது பிரேக் கஷ்டப்படும், அது யாருக்கும் கேக்காது.

இந்த மலைச் சாலைகளை லேசா எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்ல ஒரு சம்பவம் போதும். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பக்கம், செம்பரை மலைக்கோயிலுக்குப் போன ஒரு வேன் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. பத்து பேருக்கு மேல் இறந்தாங்க, பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் அந்த மலையிலேயே வாழ்ந்து பழகினவங்க. வார இறுதிக்கு முதல் தடவையா போற நமக்கு அந்தச் சாலை எவ்வளவு புதுசுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஊருக்குள்ள நல்லா பிடிக்குதே, அப்புறம் என்ன?

பெரும்பாலானவங்க இப்படித்தான் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா சிட்டியில் பிரேக் பிடிக்கிறது ரெண்டு செகண்ட் வேலை. சிக்னல் வரும், பிடிப்பீங்க, நிப்பீங்க. அடுத்த சிக்னல் வர்றதுக்குள்ள பிரேக் ஆறிடும். மலை இறக்கத்தில் அந்த ஆறுற இடைவெளியே கிடைக்காது.

ஒரு சின்ன கணக்கு போடலாம். வண்டி 140 கிலோ, ரெண்டு பேர், ஒரு பை, எல்லாம் சேர்ந்து 300 கிலோன்னு வச்சுக்கோங்க. உயரத்தில் 500 மீட்டர் இறங்குறீங்க. அந்த இறக்கத்தில் வெளியாகிற ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். முழுசா பிரேக்கை நம்பியே இறங்கினா, கிட்டத்தட்ட அவ்வளவும் பிரேக்கில் சூடா மாறும். அஞ்சு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு, உள்ளங்கை அகல பேடிலும் ஒரு தட்டிலும். நாலு பேர் உட்கார்ந்த கார் 1,300 கிலோன்னா இருபது லிட்டருக்கு மேல் கொதிக்கும்.

அவ்வளவு சூட்டில் ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, பேடோட உராய்வே குறைஞ்சு, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கிட்டே போகும். தீஞ்ச வாடை வரும். ரெண்டாவது விஷயம் பிரேக் ஆயில் சம்பந்தப்பட்டது, அதுதான் இன்னும் மோசம். பிரேக் ஆயில் காத்தில் இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறின பிறகு அதே ஆயிலுக்கான வரம்பு 155 டிகிரி. டாட் 3 ஆயிலுக்கு 205-லிருந்து 140-க்கு இறங்கிடும். ஆயில் கொதிச்சா உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தினா அதுதான் சுருங்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிடும். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்றாங்க. வண்டி ஓடினாலும் ஓடாம நின்னாலும் இது பொருந்தும், ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது.

ஆக, ஆறு மாசமா ஆபீஸுக்குப் போய்வர பிரேக் சரியா பிடிச்சதுங்கிறது மலைக்கான சர்டிபிகேட் இல்லை.

வீட்டு வாசலிலேயே பத்து நிமிஷத்தில் பார்க்கலாம்

மெக்கானிக் வேணாம். போன் டார்ச்சும் ஒரு ரூபாய் நாணயமும் போதும். நாணயம் எதுக்கா? அதன் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள்ள டார்ச் அடிச்சா பேட் தெரியும். இரும்புத் தகடு, அதுமேல கருப்பா ஒட்டியிருக்கிற உராய்வுப் பொருள். அந்தக் கருப்புப் பகுதி மட்டும் எவ்வளவு மிச்சம்னு பாருங்க. பைக்கில் ஒரு நாணயத்தின் தடிமனுக்கு வந்துட்டா மாத்துற நேரம். காரில் ரெண்டு நாணயத்தை அடுக்கின தடிமன், அதாவது சுமார் 3 மி.மீ., அதுதான் கோடு. நிறைய பைக் பேடுகளில் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும், அது மறைஞ்சு போச்சுன்னா பேடு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். உள்பக்க பேடையும் பாருங்க. வெளிப்பக்கம் நல்லா இருந்து உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கிறது சகஜம்.

டிரம் பிரேக்கில் உள்ளே பார்க்க முடியாது. ஆனா சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் ஆர்ம் திரும்புற இடத்தில் பல வண்டிகளில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா அழுத்தினபடி பார்க்கணும். அம்பு அந்தக் குறிக்கு நேரா வந்துட்டா லைனிங் முடிஞ்சுது. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். பிரேக் லூஸா இருக்குன்னு ஒர்க்ஷாப்பில் சொன்னா, பின்னாடி இருக்கிற நட்டை ரெண்டு சுத்து சுத்தி "சரியாயிடுச்சுண்ணே"னு அனுப்பிடுவாங்க. பிரேக்கும் நல்லா பிடிக்கும். காசும் வாங்க மாட்டாங்க. ஆனா அந்த நட்டு ஏன் லூஸாச்சு? லைனிங் தேஞ்சதால. ஒவ்வொரு சுத்தும் தேய்மானத்தை மறைக்குது. ராடோட மரை கடைசி வரைக்கும் நட்டு ஏறி நிக்குதுன்னா, அடுத்த தடவை டைட் வைக்கிறதுக்கு இடமில்லை. ஓசி வேலைன்னு சந்தோஷப்படாம, லைனிங் எவ்வளவு இருக்குன்னு திறந்து பார்க்கச் சொல்லுங்க.

பிரேக் ஆயிலிலும் இதே கதைதான். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் தானா இறங்கும். மட்டம் குறைஞ்சிருக்குன்னு ஊத்தி நிரப்பினா, பேட் தேஞ்சதைக் காட்டின ஒரே அறிகுறியையும் அழிச்சுட்டோம்னு அர்த்தம். முதலில் பேடைப் பாருங்க, பேட் நல்லா இருந்து மட்டம் குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது. நிறம் தேன் மாதிரி இருந்தா சரி. டிகாக்ஷன் மாதிரி கருத்திருந்தா மாத்தணும்.

அப்புறம் லீவரை அழுத்தி முப்பது செகண்ட் அப்படியே பிடிச்சிருங்க. கெட்டியா நின்னா நல்லது. மெல்ல மெல்ல உள்ளே இறங்கினா சீல் போயிருக்கலாம், அந்த வண்டியில் மலைக்குப் போகாதீங்க. பஞ்சு மாதிரி இருந்து, ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினதும் கெட்டியானா லைனில் காத்து இருக்கு. "கீச்" சத்தம் பேட் முடியப்போகுதுங்கிற எச்சரிக்கையா இருக்கலாம், வெறும் தூசியாவும் இருக்கலாம். "கர்ர்"னு இரும்பு உரசுற சத்தத்துக்கு ரெண்டாவது அர்த்தமே கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதோ, வண்டிக்குப் பாலிஷ் போடும்போதோ அது டிஸ்க் மேல படாம பார்த்துக்கோங்க. டிஸ்க் பளபளன்னு இருக்கணும்னு எண்ணெய்த் துணியால துடைக்கிற ஆளுங்க உண்டு. பார்க்க அழகா இருக்கும், நிக்கத்தான் நிக்காது.

இப்ப பணத்துக்கு வருவோம்

சாதாரண 150 சிசி பைக்கை எடுத்துக்குவோம். முன்பக்க பேட் 400 ரூபாய், கூலி 150, மொத்தம் 550. வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் இது கொஞ்சம் ஏறும் இறங்கும். ஒரு செட் பேட் 15,000 கிலோமீட்டர் வரும்னு வச்சு, நீங்க மாசம் ஆயிரம் ஓட்டுறீங்கன்னா, மாசத்துக்கு 37 ரூபாய். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாத்த ஒரு 300 ரூபாய், அது மாசம் 12 ரூபாய் சொச்சம். ஆக பிரேக்குக்கு மாசம் 50 ரூபாய். ரெண்டு டீ, ரெண்டு வடை.

இதை ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்? பேட் தீர்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கை உரசி வரி வரியா கீறிடும். டிஸ்க்கையும் சேர்த்து மாத்தணும். 550 ரூபாய் வேலை 2,500, 3,000-னு போயிடும். சின்ன காரில் இந்த வித்தியாசம் சில ஆயிரங்களில் நிக்கும். பேட் விலையில் ஒரு ரூபாய் கூட மிச்சமாகலை, ஏன்னா அதையும் வாங்கித்தான் ஆகணும்.

விழுந்து எழுந்தா கணக்கு வேற மாதிரி. மாசம் 28,000 சம்பளம், அதாவது நாளைக்கு 933 ரூபாய். கால் எலும்பு முறிஞ்சு 45 நாள் படுக்கைன்னு வச்சுக்குவோம். உங்க கணக்கில் லீவு 12 நாள்தான் இருக்கு. மீதி 33 நாள் சம்பளம் இல்லாத லீவு. கிட்டத்தட்ட 30,800 ரூபாய் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவு இதில் சேரலை, இஎம்ஐ-யும் அந்த மாசம் காத்திருக்காது. சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, அங்கே சிகிச்சையோட, நோய்க்கால உதவியா சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்க வழி இருக்கு. போதுமான நாள் சந்தா கட்டியிருக்கணும், மருத்துவச் சான்றும் வேணும். வரம்பைத் தாண்டி ஐநூறு ரூபாய் கூடுதலா வாங்கறவருக்கு இது எதுவும் கிடையாது. தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நடக்குது. விபத்தில் சிக்கினவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிகளில், வரம்புக்கு உட்பட்டு இலவசம். உயிரைக் காக்கிற அருமையான திட்டம். 49-வது மணி நேரத்திலிருந்து உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பேசணும்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு சொல்றவங்க இன்னிக்கே அந்த பாலிசியைத் திறந்து பாருங்க. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கின புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே போட்டிருப்பாங்க. ஆனா உங்க வண்டிக்கான சேதக் காப்பீடு பெரும்பாலும் முதல் வருஷத்துக்கு மட்டும்தான். "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்"னு ஷோரூமில் சொன்னது மனசில் நிக்குது, ரெண்டாவது வருஷமே பாதி காலாவதியானது தெரியறதில்லை. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்லை. அதுவும் வண்டியை ஓட்டுற உரிமையாளருக்கு மட்டும், பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பருக்குக் கிடையாது.

சேதக் காப்பீடு இருந்தாலும் தேய்மானத்துக்குப் பணம் வராது. பேட், லைனிங் தேஞ்சது உங்க செலவு. இன்னொண்ணு, வண்டியை ஓட்டத் தகுந்த நிலையில் வச்சிருக்கிறது உரிமையாளரோட பொறுப்புன்னு பாலிசி நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கு. சர்வேயர் வந்து பார்க்கும்போது பேடே இல்லாத காலிப்பர் உங்களுக்குச் சாதகமா பேசாது. அதனால பேட் மாத்தின பில்லை எரிஞ்சுடாதீங்க, போட்டோ எடுத்து போனில் வச்சுக்கோங்க.

எப்போ மாத்தணும், எப்படி இறங்கணும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேட் மாத்திட்டு சனிக்கிழமை காலையில் மலை ஏறாதீங்க. புது பேட் டிஸ்க்கோட படிஞ்சு பழக ஒரு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரைக்கும் முழுப் பிடிப்பு வராது. சம்பளம் வந்த முதல் வாரம் வேலையை முடிச்சிட்டு, ரெண்டு வாரம் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போங்க. ட்ரிப் தேதி முடிவாகும்போதே இதையும் குரூப்பில் போட்டுடுங்க.

இறக்கத்தில் விதி ஒண்ணுதான். எந்த கியரில் ஏறுனீங்களோ, கிட்டத்தட்ட அதே கியரில் இறங்கணும். ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்குற அரசு பஸ்ஸுக்குப் பின்னாடி கொஞ்ச தூரம் போய்ப் பாருங்க, இன்ஜின் உறுமிக்கிட்டே வரும். வேகத்தை இன்ஜின் பிடிச்சு நிறுத்துது, பிரேக் வளைவுக்கு மட்டும். பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே வராதீங்க. நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டுடுங்க. அந்த இடைவெளியில்தான் அது ஆறும்.

நியூட்ரலில் விட்டா பெட்ரோல் மிச்சம்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவன் இதுக்குப் பதில் சொல்லாம போகக் கூடாது. இப்போ வர்ற பிஎஸ்6 வண்டிகள் எல்லாம் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசா விட்டா, சக்கரமே இன்ஜினைச் சுத்தும், பெட்ரோல் சப்ளையைக் கம்ப்யூட்டர் நிறுத்திடும். நியூட்ரலில் போட்டா இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் குடிச்சே ஆகணும். ஆக நியூட்ரல்தான் செலவு. இன்ஜினையே அணைச்சு இறங்கினா? நாற்பது நிமிஷ இறக்கத்தில் பைக்குக்கு மிஞ்சிப்போனா பதினைஞ்சு, இருபது ரூபாய் மிச்சம். காரில் இன்ஜின் அணைஞ்சா பிரேக் பூஸ்டர் ரெண்டு மூணு அழுத்தலோட செத்துடும், பெடல் கல்லாயிடும், பவர் ஸ்டீயரிங்கும் போயிடும். இருபது ரூபாய்க்கு யாரும் எடுக்கக் கூடாத ரிஸ்க்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்காரங்க இன்னும் கவனமா இருக்கணும். அதில் இன்ஜின் பிடிமானமே கொஞ்சம்தான். வேகம் ரொம்பக் குறைஞ்சா கிளட்ச் விட்டுடும், அப்புறம் வண்டி சும்மா உருளும். எல்லா வேலையும் அந்தச் சின்ன டிரம் மேலதான். ரெண்டு பேர் உட்கார்ந்து இறங்கினா அஞ்சாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்க, போட்டோ எடுக்க அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. மின்சார ஸ்கூட்டர் வச்சிருந்தா மலை மேல பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிட்டு இறங்காதீங்க. நிரம்பின பேட்டரியில் மின்சாரம் திரும்ப ஏற இடமில்லாததால, இறக்கத்தில் உதவுற ரீஜென் பிரேக்கிங் சரியா வேலை செய்யாது.

தீஞ்ச வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, ஓரமா பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி இருபது நிமிஷமாவது ஆறவிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க. கொதிக்கிற டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணி பட்டா அது கோணிடும், அப்புறம் பிடிக்கும்போதெல்லாம் லீவர் துடிக்கும். மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். டிரம்முக்குள்ள தண்ணி போயிருந்தா முதல் ரெண்டு பிடியில் வழுக்கும், அதனால நேர் சாலையிலேயே லேசா நாலு தடவை பிடிச்சு உலர்த்திட்டு வளைவுக்குப் போங்க. ஏபிஎஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம்தான். ஆனா சக்கரம் பூட்டிக்காம பார்க்கிறதுதான் அதோட வேலை, தேஞ்ச பேடுக்கு உயிர் கொடுக்க அதால முடியாது.

மலை இறங்கி போளூர் வந்ததும் டீ குடிக்க நிறுத்துவீங்கல்ல, அப்போ டிஸ்க்கைத் தொடாம, ஒரு அடி தூரத்தில் கையை வச்சுப் பாருங்க. முகத்தில் அடிக்கிற மாதிரி அனல் வந்தா நீங்க பிரேக்கிலேயே இறங்கியிருக்கீங்க. திங்கட்கிழமை ஆபீஸ் போறதுக்கு முன்னாடி டார்ச்சையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் மறுபடி எடுத்து, பேட் எவ்வளவு மிச்சம்னு பார்த்துடுங்க.